கரண்டை ஒருவழிக்குக் கொண்டுவந்த டயோடு பாய்

கரண்டையே கண்டித்து வளர்த்த மனிதர் தர்மபுரி மாவட்டத்தில் ஒருவர்தான். பாப்பாரப்பட்டியில் சார்ஜர், ரேடியோ ரிப்பேர் பார்க்கும் டயோடு பாய். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

பாடம் கேட்காமல் அவரிடமிருந்து எந்தப் பொருளையும் வாங்கிப்போக முடியாது. சந்தைக்கு வந்த விவசாயி ஒருவர் ஒருமுறை செல்போன் சார்ஜரை நீட்டினார். பாய் அவரைக் கடைக்குள் முன்னும் பின்னும் நடக்கவிட்டார்.

“நீங்கதான் ஏசி கரண்டு. போறீங்க, வர்றீங்க. செகண்டுக்கு அம்பது வாட்டி! செல்போனுக்கு இது ஆவாதுங்க. ஒரே பக்கமா போற டீசிதான் வேணும்.” சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றார். “நான்தான் டயோடு. போவ விடுவேன், திரும்ப விடமாட்டேன்.”

விவசாயி வெளியே போனார். திரும்ப விடவில்லை.

“பாயி, என் சார்ஜர் உள்ள இருக்குதுங்க!” என்று அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே அவர் போகவேண்டிய பாலக்கோடு பஸ் கிளம்பிப் போய்விட்டது.

நாலு டயோடு சேர்ந்தால், திரும்பி வரும் கரண்டையும் வீணாக்காமல் ஒரே பக்கம் திருப்பிவிடலாமாம். அதை விளக்க அவருக்கு நாலு பேர் வேண்டும். அதனால் கடையில் மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் டீக்கடைப் பக்கம் ஒதுங்கிவிடுவார். நானும் பலமுறை ஒதுங்கியவன்தான்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் என் அப்பாவுக்கு மூச்சுத் திணறியது. மருந்தைப் புகைபோல ஆக்கித் தரும் நெபுலைசர் வீட்டிலேயே உண்டு. அன்று பார்த்து அதன் அடாப்டரில் கருகிய வாடை. தொப்பூரில் லாரி விபத்து, ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றார்கள். மனைவி ஆட்டோ தேடி ஓடினாள். நான் பாய்க்குப் போன் போட்டேன்.

தொழுகை முடித்த தொப்பியோடு, ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னும் கையுமாக வந்து நின்றார். பாடம் நடத்தாத பாயை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது.

அடாப்டரைப் பிரித்தார். நாலு டயோடில் இரண்டு கருகியிருந்தன.

“கடைக்குத் திரும்பப் போய் வர நேரமில்லீங்க. அந்த ரேடியோவ எடுங்க சார்.”

அப்பாவின் ரேடியோ அது. நாலு மாதம் வைத்திருந்து பாயே சரிசெய்து கொடுத்தது. நாலே நிமிஷத்தில் அதன் வயிற்றைக் கிழித்து இரண்டு டயோடுகளை எடுத்து அடாப்டரில் பற்றவைத்தார். சுவிட்சைப் போட்டதும் மெஷின் கர்ரென்று ஓடியது. அப்பாவின் முகமூடிக்குள் வெள்ளையாக மருந்து பரவியது. கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சு அடங்கியது. பாய் அப்போதுதான் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“பாயி... ரேடியோ போச்சா?” என்றார் அப்பா, முகமூடிக்குள்ளிருந்து.

“போவட்டும் பெரியவரே. காலைல இருந்து ஒரே நியூஸுதான அதுல?”

ஆட்டோ கிடைக்கவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை அப்பாவுக்கு முழுப் பாடமும் நடந்தது. முகமூடி போட்ட ஆள் எங்கே ஓடுவது? மருந்து சரியான நேரத்தில் போனதால்தான் பிழைத்தார் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்து பாய் எங்கள் வீட்டுக்கு வருகிறார். அடாப்டரைத் தொட்டுப் பார்ப்பார், டீ குடிப்பார், பாடத்தை முதலிலிருந்து தொடங்குவார். எனக்கு அது மனப்பாடம். ஆனாலும் அவர் சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்க மனம் வருவதில்லை.