டேங்க் டீச்சர் போட்ட ஏலம்

இந்த நாட்டில் எத்தனையோ படைகள் இருக்கின்றன. ஆனால் குன்னூர் டேங்க் டீச்சரின் படையைப் போலத் துடைத்துத் துடைத்துக் காப்பாற்றப்பட்ட படை வேறொன்று இருந்திருக்காது. மழைக்காலத்தில் மேகம் வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிடும் ஊர் அது. அப்போது அந்தப் படை இருந்த அறையில் குமுட்டி அடுப்பு கனன்றுகொண்டிருக்கும். டீச்சர் இரண்டு ஸ்வெட்டர்களைப் போட்டுக்கொண்டு சமையலறையில் நடுங்கிக்கொண்டிருப்பார். அவருடைய வண்டிகள் ஒன்றுகூடத் துருப்பிடித்ததில்லை. சளி பிடித்ததெல்லாம் டீச்சருக்குத்தான்.

அவரிடம் இருந்தவை பொம்மைகள்தான். ஆனால் அந்தச் சொல்லை அவர் எதிரில் யாரும் சொல்லமாட்டார்கள். உலோகத்தில் வார்த்த ராணுவ டாங்கிகள், போர் விமானங்கள், இரண்டு கப்பல்கள், எல்லாமே வெளிநாட்டில் செய்தவை. உள்ளங்கையில் வைத்தால் கை தாழும். சக்கரத்தைச் சுற்றி ஓடும் பட்டையில் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாகத் தெரியும். பக்கத்து ராணுவ ஊரான வெலிங்டனிலிருந்து மாற்றலாகிப் போகும் ராணுவக் குடும்பங்கள் வீட்டுச் சாமான்களை விற்கும்போதெல்லாம் டீச்சர் குடையோடு போய் முதல் ஆளாக உட்கார்ந்துவிடுவார். மற்றவர்கள் சோபாவையும் ஃபிரிட்ஜையும் சுற்றிச்சுற்றி வருவார்கள். இவர் நேராகப் பிள்ளைகளின் அறைக்குப் போவார்.

டேங்க் டீச்சர் என்ற பெயரைக் கேட்டு, புதிதாகக் குடிவந்தவர்கள் தண்ணீர்த் தொட்டி என்று நினைத்துக்கொள்வதுண்டு. ஒரு கோடையில் ஓர் அம்மாள் குடத்தோடு வந்து கதவைத் தட்டினார். டீச்சர் அவரை உள்ளே அழைத்துப்போய், ஒவ்வொரு டாங்கியாகக் காட்டி, எது எந்த நாட்டில் செய்தது, எது ஏன் அந்த நிறத்தில் இருக்கிறது என்று விளக்கினார். எல்லாம் முடிந்த பிறகு குடத்தையும் நிரப்பிக் கொடுத்தார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு லாரித் தண்ணீருக்கே காத்து நின்றார்.

நான் அந்த வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தேன். தேயிலை ஏலம் நடத்தும் ஒரு புரோக்கர் ஆபீஸில் எனக்கு வேலை. டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தார். அவருடைய அப்பா வெலிங்டனில் அதிகாரிகளின் மெஸ்ஸில் பரிமாறுகிறவராக இருந்தவர். சிறுமியாக அப்பாவோடு போனபோது, ஓர் அதிகாரி வீட்டு அலமாரியில் இருந்த டாங்கியைத் தொடப்போய்த் திட்டு வாங்கினாராம். இதை ஒரு தடவைதான் என்னிடம் சொன்னார். நான் மேலே ஏதும் கேட்பதற்குள் பேச்சை மாற்றிவிட்டார்.

ஊரெல்லாம் தங்கம் வாங்கும்போது இவர் ஏன் டாங்கி வாங்குகிறார் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். தங்கம் எல்லாரிடமும் இருக்கிறதாம். எல்லாரிடமும் இருப்பதற்கு என்ன மதிப்பு? நல்ல பொருளை நல்ல விலை கொடுத்து வாங்கி, பெட்டியோடு பத்திரமாக வைத்தால் அதன் விலை ஏறுமே தவிர இறங்காது என்பார். அலமாரியின் மேல் தட்டு முழுக்கத் தம்பி மகள் பியூலாவின் படிப்புக்கு என்று அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றே அறிவித்துவிட்டார்.

அந்தத் தம்பியின் பெயர் சாமிதாஸ். ஊருக்கு வெளியே ஒன்றரை ஏக்கரில் தேயிலை வைத்திருந்தார். பறித்த பச்சை இலையைத் தன் பிக்கப் வண்டியிலேயே ஃபேக்டரிக்கு ஏற்றிப் போவார். அக்காவின் தத்துவம் அவருக்குப் பெரிய வேடிக்கை. சீசனில் ஊட்டி நடைபாதைக் கடைகளுக்குப் போய், அக்காவிடம் இருக்கும் அதே டாங்கியைப் பச்சை பிளாஸ்டிக்கில் தேடி வாங்குவார். ஒரு டீ, இரண்டு பஜ்ஜி விலைதான் இருக்கும். அதைக் கொண்டுவந்து அக்காவின் டாங்கிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

“ஏனக்கா, உன்னோடதும் சுடாது, என்னோடதும் சுடாது. அப்பறம் எதுக்கு இத்தனை காசு?”

ஒருமுறை அலமாரியிலிருந்த ஒன்றை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் பிளாஸ்டிக்கை வைத்துவிட்டார். டீச்சர் மறுநாள் துடைக்கக் கையில் எடுத்ததுமே கண்டுபிடித்துவிட்டார். ஈஸ்டருக்கு முன் நாற்பது நாள் விரதமிருக்கும் லெந்து காலம் முழுக்கத் தம்பியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வருஷா வருஷம் விரதத்துக்குக் காபியை விடுகிற அக்கா, இந்த வருஷம் என்னை விட்டுவிட்டார் என்று சாமிதாஸ் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பிறகு தேயிலை விலை விழுந்தது.

முதலில் யாரும் நம்பவில்லை. அடுத்த மாதம் ஏறிவிடும் என்றார்கள். ஏறவில்லை. இலையைப் பறிக்கக் கொடுக்கும் கூலிக்குக்கூட இலையின் விலை தேறவில்லை என்றானபோது, சிறு தோட்டக்காரர்கள் பறிப்பதையே நிறுத்தினார்கள். இடுப்பளவு நின்ற செடிகள் ஆளுயரத்துக்கு மரமாக வளர்ந்தன. சாமிதாஸின் வண்டி வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. எங்கள் ஆபீஸில் பாதிச் சம்பளம்தான் கொடுத்தார்கள். ஏல அறையில் நல்ல தேயிலையைக்கூடக் கேட்க ஆளில்லாமல் திருப்பி அனுப்பினோம்.

அந்த வருடம்தான் பியூலாவுக்குக் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது.

சாமிதாஸ் மகளிடம் ஒரு வருடம் பொறுத்துப் போகலாம் என்று சொல்லியிருக்கிறார். டீச்சர் காதுக்கு அது வந்தது. அவர் அலமாரியைத் திறந்து மேல் தட்டு, கீழ்த் தட்டு எல்லாவற்றையும் இறக்கி மேசையில் வைத்தார். பெங்களூரிலிருந்து, இப்படிப்பட்ட சாமான்களை வாங்கி விற்கும் ஒருவரை வரவழைத்தார்.

வந்தவர் மரியாதையான மனிதர். ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். இவ்வளவு சுத்தமாக வைத்திருந்து தான் பார்த்ததில்லை என்று மனதாரப் பாராட்டினார். பிறகு, டீச்சர் கொடுத்த விலையில் கால் பங்கு தருவதாகச் சொன்னார். அதே கம்பெனி அதே அச்சில் புதிதாகச் செய்து குறைந்த விலைக்கு விட்டுவிட்டதாம். டீச்சரைப்போல எல்லாரும் பெட்டியோடு பத்திரமாக வைத்திருப்பதால், இந்த வகைக்குப் பஞ்சமே இல்லையாம். கிளம்பும்போது ஜன்னலோரம் கிடந்த சாமிதாஸின் பிளாஸ்டிக் டாங்கிகளைப் பார்த்தார். இந்த மாதிரி ரொம்பப் பழசு, உடையாமல், அட்டையோடு இருக்கிறதா என்று கேட்டார். பிள்ளைகள் எல்லாவற்றையும் விளையாடி உடைத்துவிடுவதால் அவைதான் இப்போது கிடைப்பதில்லையாம்.

சாமிதாஸ் அங்கேதான் இருந்தார். எத்தனையோ வருடமாக அவர் காத்திருந்த நாள் அது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய், வண்டியின் தார்ப்பாயை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டு நின்றார்.

டீச்சர் பெங்களூர்க்காரருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார்.

“தம்பி, இந்த ஊர்ல தேயிலைக்கு ஏலம் இருக்குது. டாங்கிக்கு ஒரு ஏலம் போட்டா என்னங்க? நீங்க நின்னு நடத்திக் குடுங்க.”

நான் விலை எழுதுகிறவன்தான், ஏலம் போடுகிறவன் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது போதும் என்றுவிட்டார்.

சர்ச் ஹாலைக் கேட்டு வாங்கி, ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஏலம் வைத்தோம். வெலிங்டனிலிருந்து ஓய்வுபெற்ற ராணுவத்தார் சிலர் வந்தார்கள். இரண்டு எஸ்டேட் அதிகாரிகள், டீச்சரோடு வேலை பார்ப்பவர்கள், தெருக்காரர்கள் என்று ஹால் நிறைந்துவிட்டது. டீச்சர் ஈஸ்டருக்குக் கட்டும் பட்டுச்சேலையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அவரிடம் இருந்ததிலேயே உயர்ந்த டாங்கியை முதலில் எடுத்தேன். அவர் கொடுத்த விலையைச் சொன்னேன். யாரும் வாய் திறக்கவில்லை. குறைத்துச் சொன்னேன். பாதிக்கு இறக்கினேன். அந்த மௌனம் எனக்குப் பழக்கமானது. ஏல அறையில் வாராவாரம் கேட்ட மௌனம்தான். வந்திருப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, பொருளும் மோசமில்லை. முதல் ஆளாகக் கை தூக்கத்தான் எல்லாருக்கும் பயம். இப்படி ஆனால் பொருளைத் திரும்ப எடுத்துவைத்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். டீச்சரைப் பார்த்தேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது. சாமிதாஸ். நான் கேட்ட பாதி விலைக்கு மேல் ஒரு நூறு ரூபாய் கூட்டிச் சொன்னார்.

அவர் பையில் பஸ்ஸுக்குக்கூடக் காசு இருக்காது என்பது ஹாலில் பாதிப்பேருக்குத் தெரியும். தன் மகள் படிப்புக்காக விற்கும் பொருளைத் தானே வாங்கி, அந்தப் பணத்தை யாருக்குக் கட்டப்போகிறார் என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது. கேட்டது கேட்டதுதான். ஒரு தரம் என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் இருமினேன். தண்ணீர் கேட்டு வாங்கி மெதுவாகக் குடித்தேன். இரண்டு தரம் என்றேன். டம்ளரில் மிச்சம் இருந்ததையும் குடித்தேன்.

ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த ஒரு வயதான கர்னல் கோலைச் சற்றே தூக்கினார். இலை ஏற்றுகிற ஓர் ஆளே இவ்வளவு கொடுப்பதென்றால் அதில் ஏதோ இருக்க வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாராம். அவருக்கு மேல் இன்னொருவர் கேட்டார். சாமிதாஸ் உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டார், ஜெபம் செய்வதுபோல.

அதன்பிறகு ஏலம் நடந்தது. அமோகமாக இல்லை. வாங்கிய விலையில் பாதி, சிலது அதற்கும் கொஞ்சம் கீழே. ஆனால் எல்லாம் போயிற்று. கடைசியில் விளையாட்டாக சாமிதாஸின் பிளாஸ்டிக் டாங்கிகளையும் வைத்தேன். பிள்ளைகளோடு வந்த அப்பாக்கள் விட்டுக்கொடுக்காமல் மோதியதில் ஒவ்வொன்றும் வாங்கிய விலைக்கு மூன்று மடங்கு போனது.

எல்லாரும் போன பிறகு டீச்சர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். தம்பியைக் கூப்பிட்டார்.

“தாசு, நீ சொன்னதுதான் சரி. உன்னோடது மூணு மடங்கு ஆச்சு. என்னோடது பாதியாப் போச்சு. விலை நின்னது உன்னோடதுக்குத்தான்.”

அப்படி ஒரு தோல்வியை அவ்வளவு நேராக ஒப்புக்கொண்ட மனிதரை நான் பார்த்ததில்லை. சாமிதாஸ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“என்னோட மூணு மடங்குல பியூலா கோயம்புத்தூருக்கு பஸ் ஏறலாம்க்கா. திரும்பி வரக்கூடக் காணாது. உன்னோட பாதியிலதான் அவ படிக்கப்போறா.”

கர்னல் கேட்காமல் போயிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று டீச்சர் கேட்டார். வண்டியை விற்றிருப்பேன் என்றார் தம்பி.

“இப்ப இருக்கற நிலைமைக்கு அதை எவன்டா வாங்குவான்?”

சொல்லிவிட்டுச் சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாமிதாஸ் சாமான்களை ஏற்றி வந்த காலி அட்டைப்பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார். அதை அடுக்கி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது.

பியூலா அந்த மாதமே கோயம்புத்தூர் போனாள்.

முதல் தேதி பாதிச் சம்பளத்திலிருந்து வாடகையை எடுத்துக்கொண்டு டீச்சரிடம் போனேன். அவர் வாங்கவில்லை. ஏலம் போட்டவருக்குக் கமிஷன் உண்டல்லவா, அதை வாடகையில் கழித்துக்கொள்வதாகச் சொன்னார். எங்கள் தொழிலில் கமிஷன் என்பது நூற்றுக்கு ஒன்று. அன்று விற்ற மொத்தத்துக்கும் கணக்குப் போட்டால் ஒரு மாத வாடகைக்குக்கூட வராது. அடுத்த மாதமும் போனேன். அதற்கடுத்த மாதமும் போனேன். ஆபீஸை மூடி, நான் மலையை விட்டு இறங்கும்வரைக்கும் ஒவ்வொரு முதல் தேதியும் பணத்தோடு போய்க் கதவைத் தட்டினேன். அத்தனை வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்த அந்த அம்மாள் ஒவ்வொரு தடவையும் கதவைப் பாதி திறந்து, முகத்தை மிகவும் கறாராக வைத்துக்கொண்டு அதையேதான் சொன்னார்.

“இன்னும் கழியலீங்க தம்பி.”