உலகத்தில் முந்நூறே முந்நூறு

நல்ல பாட்டைக் கேட்டால் உங்களுக்கும் எனக்கும் சந்தோஷம் வரும். அதை வேறு யாருமே கேட்டதில்லை என்று தெரிந்தால்தான் சந்தோஷப்படுகிற ஒரு ரகம் உண்டு. கண்டுபிடிப்பாளர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். தங்கச் சுரங்க ஊரான எங்கள் ஊரிகத்துக்கு வாய்த்தவர் கிளமெண்ட்.

காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர், பங்காருபேட்டை வருவதற்குள் பக்கத்தில் இருப்பவர் காதில் இயர்போனைச் செருகிவிடுவார். நாற்பத்தைந்து வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் நாலு பையன்கள், வாசிக்கவும் வராமல் பாடவும் வராமல், வீட்டுக் கொட்டகையில் தாங்களே பதிவு செய்து, தாங்களே அட்டை மடித்துப் பசை தடவி, ரப்பர் ஸ்டாம்பு குத்தி, முந்நூறே முந்நூறு போட்ட, போஸ்ட்-பங்க் என்கிற இரைச்சல் ரக இசைத்தட்டு. அதில் ஒன்று இப்போது இவர் பீரோவில். தெரியாது என்று நீங்கள் தலையாட்டினால் முகம் மலரும். "நல்லாருக்கே, பேர் இன்னா?" என்று கேட்டீர்களோ, போச்சு. சொல்லமாட்டார். சொன்னால் நாலு பேர் தேடுவார்கள், நாலு நாற்பதாகும், அப்புறம் அது என்ன கண்டுபிடிப்பு? தனக்கு மட்டும் தெரியும் என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு பெருமை கிடையாது, பாவம்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் என்னையும் பக்கத்து லைன் வீட்டு மரியகுழந்தையையும் பிடித்து உட்காரவைத்தார். மரியகுழந்தை தங்கச் சுரங்கத்தில் முப்பது வருடம் கேஜ் மணி அடித்தவர். ஆட்கள் ஏறிய இரும்புக்கூண்டைத் தூக்கவும் நிறுத்தவும் அவர் மணிதான் உத்தரவு. கிளமெண்டின் மனைவி வினோலியா காபி கொண்டுவந்தாள். பேசக்கூடாது என்று கை காட்டினார். ஊசி இறங்கியது. தகர டப்பாவைப் படியில் உருட்டிவிட்ட மாதிரி கிடார். நடுவில் ணங், ணங், ணங். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி ணங், ணங்.

இந்தத் தாளம் எங்கிருந்து பிறந்தது என்று உலகத்தில் ஒருவனாலும் சொல்ல முடியவில்லை என்றார் கிளமெண்ட். கண் கலங்கியது. நிஜமாகவே கலங்கியது, பொய் சொல்லக்கூடாது.

"இது கேஜ் மணி, கிளமெண்ட்," என்றார் மரியகுழந்தை. "ஆள் ஏறியாச்சு, தூக்குன்னு அர்த்தம். உங்கப்பா தெனமும் ஷிப்ட் முடிஞ்சி இதுக்குத்தானே மேல வந்தாரு?"

தட்டில் அதை அடித்தது அந்த நாலு பையன்களில் ஒருவன், ஊரிகத்துச் சுரங்க ஸ்டோர்கீப்பர் மகன் டென்சிலாம். லண்டனுக்குக் குடிபோனவன், கிறிஸ்துமஸ் பார்சலில் ஊருக்கு நாலு தட்டு அனுப்பினானாம். மூன்று, பக்கத்து ஸ்கெலட்டன் பகுதியில் அவன் சொந்தக்காரர்கள் வீட்டில் இருக்கிறது. நாலாவதை மரியகுழந்தை தன் வீட்டுக்குப் போய் எடுத்துவந்தே காட்டினார். அரிசி டின்னுக்கு மூடி.

"கேட்டீங்களா?" என்றார் கிளமெண்ட், ஈனஸ்வரத்தில்.

"ஒருவாட்டி கேட்டேன். கடைசி அடி ஒண்ணு கொறையுது. இந்த மணிக்கு எவனும் கேஜைத் தூக்கமாட்டான்."

நம்மூர் மணி லண்டன் தட்டில் ஏறியிருக்கிறது, இன்னொருவனாக இருந்தால் தெருவெல்லாம் சொல்லித் துள்ளியிருப்பான். கிளமெண்ட் தட்டை உறையில் போட்டு பீரோவைப் பூட்டினார். மறுநாள் ரயிலில் கேட்டேன். "அதெல்லாம் இப்போ எல்லாரும் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க," என்றார் அலுப்பாக. வேல்ஸிலிருந்து ஒரு கேசட் வருகிறதாம். மொத்தமே நாற்பதுதானாம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இவ்வளவு நேரமாக அந்தக் குழுவின் பெயரை நான் உங்களுக்குச் சொல்லவேயில்லை, கவனித்தீர்களா? அரிசி டின் மூடி இப்போது என் அலமாரியில் இருக்கிறது. பெயர் என்னவென்று தெரிந்தாக வேண்டும், அதுவும் உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று இருக்கிறதா? காலை ரயிலுக்கு வாருங்கள். கிளமெண்டுக்கும் எனக்கும் நடுவில் இடம் போட்டு வைக்கிறேன்.