பெருங்காயத்திலும் கோதுமை

டாக்டர் ‘கோதுமை’ என்று வாயெடுத்ததுமே சங்கரி ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். அதற்கப்புறம் அவர் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. கேட்டதெல்லாம் அவள் கணவன் சிவராஜ்தான்.

பல மாதமாகவே அவனுக்குச் சாப்பிட்டால் வயிறு ஊதுகிறது, எரிகிறது. சந்தேகம் இரண்டு பேர் மேல் என்றார் டாக்டர். ஒன்று, இரைப்பையில் குடியிருக்கும் கிருமி. இன்னொன்று சீலியாக், அதாவது கோதுமை உள்ளே போனால் குடல் புண்ணாகிவிடும் நோய். கிருமி செய்யும் சேட்டையும் சில சமயம் சீலியாக் மாதிரியே தெரியுமாம். டெஸ்டுக்குத் தேதி கிடைக்க இரண்டு மாதம் ஆகும்.

“அது வரைக்கும் கோதுமைய நிறுத்திடாதீங்க. நிறுத்தினா நோய் இருந்தாலும் டெஸ்ட்ல தெரியாது” என்று அழுத்திச் சொன்னார்.

சிவராஜுக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை. பட்டுக்கடையில் நாளெல்லாம் புடவை விரித்துக் காட்டுகிறவனுக்குச் சாயங்காலப் பரோட்டா ஒன்றுதான் சுகம். அது ஜென்மத்துக்கும் உண்டா இல்லையா என்று ஐயம் திரிபறத் தெரிந்தாக வேண்டும். தினமும் கோதுமை தின்றே தீருவது என்று உறுதி எடுத்துக்கொண்டான்.

வீட்டுக்குள் நுழைந்தால் கோதுமை மாவு, ரவை, சேமியா எல்லாம் எதிர்வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

“டாக்டரு சாப்பிடத்தாம்மா சொன்னாரு.”

“அவருக்கின்னா, அவரு வயிறா? நீங்க சாப்பிடாதத நானும் தொடமாட்டேன். போதுமா?”

மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டா சாப்பிட்டான். அவன் கை கழுவுவதற்குள், வீட்டில் பட்டு நெய்துகொண்டிருந்த சங்கரியின் தறிக்குச் சேதி போய்விட்டது. அவர்கள் குடியிருந்த பிள்ளையார்பாளையத்தில் பாதிப் பேர் அவளுக்குச் சொந்தம். மீதிப் பேர் அவளுக்குப் பயந்தவர்கள். அன்று முதல் கடை மூடும் நேரத்தில் வாசலில் வந்து நின்று அவனைக் கூட்டிப் போனாள்.

சரி, மத்தியானம் இருக்கிறதே என்று பன் வாங்கிப் புடவைப் பெட்டிக்குள் ஒளித்தான். வாலாஜாபாத்திலிருந்து வந்த கல்யாண கோஷ்டி முன்னால் முகூர்த்தப் புடவையைப் பிரித்தபோது, பன் உருண்டு பெண்ணின் அம்மா மடியில் விழுந்தது. முதலாளியே சங்கரிக்குப் போன் போட்டார்.

அதோடு மத்தியானமும் அவளே சோறு கொண்டுவந்தாள். இத்தனைக்கும் உச்சி வேளையானால் தலை சுற்றுகிறது என்று தறியை விட்டு எழுந்து படுத்துவிடுகிறவள் அவள். இப்போது வெயிலில் விடுவிடுவென்று நடந்து வந்து, அவன் வாயை ஊதச் சொல்லி முகர்ந்து பார்த்துவிட்டு, திரும்பிப் போய் விட்ட இடத்திலிருந்து முந்தானை நெய்தாள். புருஷனைச் சந்தேகப்படுவதில் இவ்வளவு தெம்பா என்று சிவராஜ் மலைத்துப்போனான்.

அடுத்து அவள் பெருங்காய டப்பாவில் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள். அதிலும் மைதா கலந்திருந்தது. டப்பா குப்பைக்குப் போனது. காஞ்சிபுரத்திலேயே பெருங்காயம் போடாத காஞ்சிபுரம் இட்லியைத் தின்ற பாவி சிவராஜ் ஒருவன்தான்.

ஆனாலும் அவன் தளரவில்லை. குப்பையிலிருந்து டப்பாவை மீட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அவ்வப்போது ஒரு சிட்டிகை நாக்கில் போட்டுக்கொண்டான். கை வாசனை பட்டில் ஏறிவிட்டது. இது புடவையா சாம்பாரா என்று ஒரு அம்மாள் கேட்டுவிட்டுப் போனார். உடம்பு சரியாகிற வரை வீட்டிலேயே இருக்கும்படி முதலாளி அனுப்பிவிட்டார். வீட்டில் என்றால் சங்கரியின் கண்ணெதிரே, நாள் முழுக்க.

வேறு வழியில்லாமல் சிவராஜ் கடவுளிடம் போனான். நவக்கிரகத்தில் சூரியனுக்கு உரிய தானியம் கோதுமை. ஜாதகத்தில் சூரியன் சரியில்லை, தினமும் கோதுமைப் பாயசம் படைத்துச் சாப்பிட வேண்டும் என்று கோயிலில் சொன்னதாக ஒரு போடு போட்டான். சங்கரி டாக்டரை எதிர்ப்பாள், சூரியனை எதிர்க்க மாட்டாள். தானே பாயசம் காய்ச்சினாள். “எனக்கு வேணாம்பா, நான் வாய்விட்டுச் சொன்னவ” என்று தன் பங்கைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவனுக்கே கொடுத்தாள். டெஸ்ட் நாள் வரை சிவராஜ் குண்டான் குண்டானாகக் குடித்தான்.

ரிசல்ட் வந்தது. சீலியாக் இல்லை, வெறும் கிருமிதான். மாத்திரையில் போய்விடும் என்றார் டாக்டர்.

சிவராஜுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. சங்கரியின் முகம் தொங்கிப் போயிற்று. இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீணா என்று அவளுக்கு ஆற்றாமை.

“இனிமே வூட்டுக்குள்ள கோதுமை வரலாமில்ல?” என்றான் சிவராஜ்.

“வரட்டும்” என்றாள் அவள்.

மாத்திரையை எடுத்துக் கொடுத்த நர்ஸ் மேரி, சங்கரியை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏன்க்கா, ரத்தமே இல்லன்னு மாசாமாசம் சத்து ஊசிக்கு வந்துக்கினு இருந்தீங்க, நீங்களும் கோதுமைய விட்டதிலேருந்து இந்தப் பக்கமே காணோமே. டெஸ்டு உங்களுக்குத்தான் எடுக்கணும். அது வரைக்கும் தினம் ரெண்டு சப்பாத்தி சாப்பிட்டுக்கினு வாங்க.”