படத்துக்காக எக்கிய வயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சுகத்தைப் பற்றிச் சொல்லும் பொறுப்பை இப்போது மெஷின் எடுத்துக்கொண்டிருக்கிறது.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் குளித்தேன். வம்பு அங்கேதான் ஆரம்பம். ஆபரேஷனில் கட்டியை எடுத்த இடத்துக்குக் கரண்ட் வைக்கப் போன வாரம் ஸ்கேன் எடுத்து, வயிற்றில் மார்க்கர் பேனாவால் மூன்று கூட்டல் குறி போட்டு அனுப்பியிருந்தார்கள் அல்லவா (கரண்ட் என்பது பேச்சுக்குத்தான், ஷாக் அடிக்காது, எக்ஸ்ரேயின் பெரிய அண்ணன் என்று அத்தானிடம் சொல்), துடைத்துக்கொண்டு பார்த்தால் ஒரு குறியையும் காணோம். ஆஸ்பத்திரியில் டெக்னீஷியன் அம்மா சுவரிலிருந்து வரும் பச்சை ஒளிக்கோட்டை என் மேல் விழவிட்டு, தொலைந்த சாவியைத் தேடுவதுபோலத் தேடினார். "குறி இல்லாம இந்தக் கோட்டை எதோடங்க சேக்கிறது? மறுபடி படம் எடுக்கணும்."

எடுத்தார்கள். கதிர் எந்தக் கோணத்தில், எவ்வளவு என்று கணக்குப் போடுகிறவர் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் பிசிக்ஸ் மேடம் என்கிறார்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டுலயும் வேற வேற வயிறு இருக்கு. ரெண்டு சென்டிமீட்டர் வித்தியாசம். எது உங்களோடது?"

மானம் போயிற்று. "போன வாரம் 'படம் எடுக்கிறோம்'னாங்க. படம்னா நான் வயித்தை எக்கிக்குவேன். இன்னிக்குப் பதட்டத்துல மறந்துட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. "கல்யாண ஆல்பத்துக்கு எக்கலாம். இதுல ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நம்பர் இருக்கு. தண்ணி சைபர், காத்து மைனஸ் ஆயிரம், எலும்பு பிளஸ்ல பல நூறு. உள்ள போகப் போகக் கதிர் எவ்வளவு குறையும்னு அதை வச்சுதான் கணக்கு. கரண்ட் வைக்கிற இருபத்தஞ்சு நாளும் எக்கிட்டே படுப்பீங்களா?"

"கொழுப்புக்கு என்ன நம்பர் மேடம்?"

"மைனஸ் நூறு."

அக்கா, நாற்பத்தாறு வருஷமாக நான் அதைக் கூட்டலில் வைத்துக் கவலைப்பட்டிருக்கிறேன்.

புதுப் படத்தை வைத்துப் புதுக் கணக்கு, திங்கள்கிழமை முதல் கரண்ட். எல்லாம் நானே பார்த்துக்கொள்வேன், நீ அலைய வேண்டாம். அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

அன்புடன்,
தங்கை

பி.கு.: குறி தானாக அழியவில்லை. தோல் சிவக்கும்வரை நாரால் தேய்த்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்பிப் படுக்க மனம் வரவில்லை; குறி இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அப்படியே போகாமல் இருந்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். ஆனால் என் வயிற்றில் இரண்டு சென்டிமீட்டருக்கு இவ்வளவு கவலைப்படுகிற ஒருவரை நம்பலாம் என்று இப்போது தோன்றுகிறது. 'நீ அலைய வேண்டாம்' என்றதுகூட எக்கிக்கொண்டு எழுதியதுதான், ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடு. திங்கள் காலை கட்டாயம் போகிறேன். வீட்டில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. போகாமலிருக்க நினைத்ததே தெரியாதவர்களிடம், போக முடிவு செய்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?