குளிர்காலம் முடிந்ததும் விடுப்பு

குவைத்தில் ஃபஹாஹீலைத் தாண்டித் தெற்கே, வஃப்ரா பக்கம் ஒரு ஒயினரி இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒயினரி என்றதும் நாக்கைச் சப்புக்கொட்ட வேண்டாம். அந்த நாட்டில் மது என்று உரக்கச் சொன்னாலே வேலைக்கு ஆபத்து. ஆகையால் அந்த ஒயினரியில் ஒயினைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது. திராட்சைக் கொடி, மரப் பீப்பாய், நீளக் கால் வைத்த கண்ணாடிக் கோப்பை, எப்படி மோந்து பார்ப்பது என்று சொல்லித்தர ஒரு ஆள். கோப்பையில் ஊற்றியது திராட்சைச் சாறு. விலை மட்டும் ஒயின் விலை.

இன்னொரு அதிசயம், அங்கே நாலு பருவமும் உண்டு. குவைத்தில் இருப்பது வெயில், கடும் வெயில் என்று இரண்டே பருவம்தான். அதனால் கம்பெனி பெரிய கண்ணாடிக் கொட்டகை ஒன்று போட்டு, ஏசி வைத்து உள்ளே வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் எல்லாவற்றையும் வரவழைத்தது. அந்த ஏசியை இயக்குகிற ஆள், சிவகங்கைச் சீமை உடையப்பன். இலையுதிர் காலத்தில் இலை சொன்ன தேதிக்கு உதிராவிட்டால், ஏணி போட்டு ஏறிக் கையால் பிய்த்துப் போடுவதும் அவன் டூட்டிதான்.

குவைத்தில் இருக்கிற நம்மவர்களுக்கு இது பெரிய ஃபேஷன் ஆகிவிட்டது. பருவம் தவறாமல் போய், கோப்பையைச் சுழற்றி, நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வதற்கு "ஒயினரியைப் பின்தொடர்தல்" என்று பெயர். இதில் முதல் வரிசையில் நின்றவர் வசந்தகுமாரி மேடம். வங்கியில் பெரிய வேலை. "போன வசந்தத்தைவிட இந்த வசந்தத்துல மண்ணோட குரல் தெளிவாக் கேக்குது" என்பார். மண் மூட்டையில் கப்பலில் வந்தது. அது எந்தப் பாஷையில் பேசியதோ, யார் கண்டது!

உடையப்பனுக்கு மண்ணின் குரல் கேட்கவில்லை. தங்கச்சி பூவாயியின் குரல்தான் போனில் கேட்டது.

"அண்ணே, தாரிணிக்கு வயசு அஞ்சாச்சு. இன்னும் மொட்டையும் போடல, காதும் குத்தல. முடி இடுப்புக்கு வந்து பேன் சீப்பு மூணு ஒடைஞ்சு போச்சு. கோயிலுக்கு நேந்துவிட்ட கெடா கன்னுக்குட்டி ஒசரத்துக்கு நிக்குது. ஆவணி பத்து நாள் குறிச்சாச்சு. இந்தத் தடவையும் தாய்மாமன் வரலேன்னா வேற யாரு மடியிலயாச்சும் ஒக்கார வைப்பேன்னு மாமியா சொல்லுது. அப்ப நான் பொறந்த வீடு இல்லாதவளாண்ணே?"

உடையப்பனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தாய்மாமன் உயிரோடு இருக்க, அந்தப் பிள்ளை இன்னொருத்தன் மடியில் உட்காருவதா? அதைவிடக் கேவலம் உண்டா?

ஆனால் கம்பெனிச் சுற்றறிக்கை தெளிவாக இருந்தது. "ஏசி ஆபரேட்டருக்கான ஆண்டு விடுப்பு, குளிர்காலம் முடிந்ததும் மட்டுமே வழங்கப்படும்." இந்த வருஷக் குளிர்காலம் பங்குனியில் தொடங்கியது. ஆடி பிறந்தும் முடியவில்லை. வெளியே ஐம்பது டிகிரி கொளுத்தும்போது ஜாக்கெட் போட்டுப் போட்டோ எடுக்கச் சனம் அலைமோதினால், எந்தக் கம்பெனி குளிர்காலத்தை முடிக்கும்?

பருவகால ஒருங்கிணைப்பு அதிகாரி விஜயபாஸ்கர் முன்னால் போய் நின்றான்.

"சார், குளிர்காலம் எப்ப சார் முடியும்?"

"அது என் கையில இல்லப்பா. ஹெட் ஆபீஸ் முடிவு பண்ணணும்."

"வெளிய நெருப்பா அடிக்குது சார்."

"வெளிய அடிக்கிறது நம்ம ரெக்கார்டுல கிடையாது. லீவுக்குக் காரணம் என்ன போட்டிருக்கே? தாய்மாமன் மடியா? ஃபார்ம்ல அப்படி ஒரு கட்டமே இல்லையே!"

"மடி நான்தான் சார் குடுக்கணும்."

"மடிதானே? வேற ஆளுக்கு அதிகாரம் கொடுத்து ஒரு லெட்டர் எழுது. நான் சீல் வச்சுத் தரேன்."

"மடிக்கு லெட்டர் செல்லாது சார்."

"லெட்டர் செல்லாத விஷயம் உலகத்துலயே கிடையாதுப்பா." பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, ஃபைலைப் புரட்டினார். "ஒரு வழி இருக்கு. விருந்தினர் பத்துப் பேர் குளிர் பத்தலைன்னு எழுத்துல புகார் கொடுத்தா, பருவத்தை மாத்தலாம்."

பத்துப் புகார்தானே! மறுநாளே உடையப்பன் பன்னிரண்டில் இருந்த ஏசியைப் பதினெட்டுக்கு ஏற்றினான். புகார் வரவில்லை. இருபத்தைந்துக்கு ஏற்றினான். கையுறை மாட்டிக்கொண்டு வந்து நின்று, அருமை என்று எழுதிவிட்டுப் போனார்கள். போங்கடா என்று வெள்ளிக்கிழமை ஏசியையே அணைத்துவிட்டான்.

கண்ணாடிக் கொட்டகை இட்லிக் கொப்பரை மாதிரி ஆவி விட்டது. வசந்தகுமாரி மேடம் கம்பளித் தொப்பியோடு வந்தார். நெற்றியில் வழிந்த வேர்வையைச் சால்வையால் ஒற்றிக்கொண்டே, "இந்த வருஷக் குளிர் எலும்பு வரைக்கும் இறங்குது" என்று நோட்டில் குறித்தார். அடுத்த நிமிஷம் அவர் கணவர் சதீஷ்குமார் கண் சொருகி, பொத்தென்று விழுந்தார்.

"ஐயோ, குளிர்ல வெறைச்சுப் போயிட்டாரே!" என்று அலறினார் மேடம். ஆளாளுக்கு ஓடிவந்து தங்கள் ஜாக்கெட்டைக் கழற்றி அவர்மேல் போர்த்தினார்கள்.

உடையப்பனுக்குப் பதறிவிட்டது. போர்த்தியதையெல்லாம் இழுத்தெறிந்து, முகத்தில் தண்ணீர் அடித்து, மேல்துண்டால் விசிறினான். "மேடம், என்னை மன்னிச்சிருங்க. ஏசி ஆஃப்ல இருக்கு. காலையிலேருந்து ஓடல!"

மேடம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏசி ஆஃப்ல இருந்தா என்ன? போர்டுல குளிர்காலம்னுதானே போட்டிருக்கு?"

சதீஷ்குமார் கண் திறந்தார். பல் கிட்ட, "குளிருது" என்றார்.

இந்தச் சம்பவம் ஹெட் ஆபீஸுக்குப் போயிற்று. மூன்றே நாளில் உத்தரவு வந்தது. விஜயபாஸ்கர் அதை எழுந்து நின்று வாசித்தார்.

"ஏசி இல்லாமலேயே குளிர்காலம் நல்ல முறையில் நடைபெறுவது நிரூபணமாகியிருப்பதால், ஏசி ஆபரேட்டர் பதவி தேவையற்றதாகிறது. உடையப்பன் அவர்கள் கோரிய விடுப்பு உடனடியாக வழங்கப்படுகிறது. விடுப்பு முடிந்து திரும்ப வேண்டியதில்லை." காகிதத்தை மடித்து நீட்டினார். "கலாஸ், முடிஞ்சுது. நீ கேட்ட லீவுதானேப்பா, சந்தோஷமா போயிட்டு வா. வராட்டியும் பரவாயில்லை." சேவையைப் பாராட்டி ஆறு பாட்டில் திராட்சைச் சாறும் கொடுத்தார்கள்.

ஆவணி பத்து. குலசாமி கோயிலில் தாரிணி அவன் மடியில் உட்கார்ந்து, மொட்டைத் தலையை அவன் நெஞ்சில் முட்டி முட்டி வீரிட்டாள். பூவாயி மாமியாரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு ஒன்று போதும். உடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை போன சேதியை அவன் ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

கிடா வெந்துகொண்டிருக்கையில், கோயிலுக்குப் பின்னால் பங்காளிகள் ஆறு பாட்டிலையும் திறந்துவிட்டார்கள்.

"ஏப்பா, அது வெறும் ஜூஸுப்பா! சாராயம் கெடையாது!" என்று உடையப்பன் கத்தினான்.

"அத எங்களுக்குக் குடுக்க மனசில்ல, அதானே?" என்றார் ஒருவர்.

அரைமணி நேரத்தில் ஒருவர் எட்டுக்கட்டையில் பாடினார். ஒருவர் முப்பது வருஷத்து வரப்புத் தகராறை எடுத்து வேட்டியை மடித்துக் கட்டினார். தங்கச்சி மாப்பிள்ளை வைரவன் தள்ளாடி வந்து உடையப்பன் தோளில் சாய்ந்தான்.

"ஃபாரின் சரக்கு ஃபாரின் சரக்குதான் மச்சான். சரி, குவைத்துக்கு எப்ப திரும்பப் பயணம்?"

உடையப்பன் மிச்சமிருந்த பாட்டிலை வாங்கி அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தான். தலை கிர்ரென்று சுற்றியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கு மாப்ள" என்றான்.