ஹோல்டானும் என் வீட்டு மதிலும்

கம்பம் பள்ளத்தாக்கில் பஸ் ஓட்டத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். பஸ்ஸைத் திருப்பத் தெரிந்தவர் ஒருவரே. அவருக்கு ஓட்டுநர் உரிமம் கிடையாது. சைக்கிள் விடவும் தெரியாது. எந்த டிப்போவிலும் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. தொழில், தென்னை மரம் ஏறுவது. பெயர், ஹோல்டான். பெற்றோர் வைத்த பெயர் வேறு. வாக்காளர் பட்டியலில் அது அச்சாகியிருக்கிறது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

இவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. என் வீட்டு மதில் இடிந்தது குறித்து ஊரில் இரண்டு கதைகள் உலவுகின்றன. ஹோல்டான் பழைய பகையைத் தீர்த்துக்கொண்டார் என்பது ஒன்று. ஆக்கிரமிப்பு என்று அதிகாரிகள் வந்து இடித்தார்கள் என்பது மற்றொன்று. இரண்டும் பொய். வரலாற்றில் முதுகலைப் பட்டம் பெற்றவன், அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், நடந்தது நடந்தபடி பதிவாக வேண்டும் என்று கருதுகிறேன். மதில் நின்ற இடம் பட்டா நிலம். அதில் ஓர் அங்குலமும் புறம்போக்கு இல்லை. ஆவணங்கள் என் பீரோவில் இருக்கின்றன. ஐயமுள்ளவர்கள் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்து பார்க்கலாம்.

கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி செல்லும் சாலையில் இறங்கி, வாய்க்கால் கரையோடு இரண்டு கிலோமீட்டர் உள்ளே வந்தால் எங்கள் ஊர். நாலாம் நம்பர் டவுன் பஸ் ஆதியில் ஊருக்குப் பிரியும் அந்த இடத்தோடு நின்றுவிடும். நான் கல்லூரியில் படித்த காலம் முழுவதும் அந்த இரண்டு கிலோமீட்டரை நடந்துதான் கடந்தேன். மழைக்காலத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. பின்னாளில் மனுவுக்கு மேல் மனுவாகக் கொடுத்து பஸ்ஸை ஊருக்குள் வரவழைத்தோம். அந்த மனுக்கள் அனைத்தையும் எழுதியவன் நான் என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

பஸ்ஸை வரவழைப்பது எப்படி என்று யோசித்த நாங்கள், வந்த பஸ் திரும்பிப் போக வேண்டுமே என்பதை மட்டும் யோசிக்கவில்லை. ஊர்க் கோடியில் வலப்பக்கம் வாய்க்கால். இடப்பக்கம் ஒரு குறுகிய சந்து. சந்தின் மூலையில் என் மதில். பஸ்ஸின் பின்புறத்தைச் சந்துக்குள் செலுத்தி, முன்னும் பின்னுமாக மூன்று முறை ஆட்டினால்தான் முகத்தைக் கம்பத்துப் பக்கம் திருப்ப முடியும். முதல் நாள் டிரைவருக்கு மாலை போட்டோம், சந்தனம் பூசினோம், என் வரவேற்புரை இருபது நிமிடம் நடந்தது. பிறகு அவர் பஸ்ஸைத் திருப்பினார். முன்சக்கரம் வாய்க்காலில் இறங்கியது. கழுத்தில் மாலையோடு டிரைவர் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் வானத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“மேல இருந்து ஹோல்டான், ஹோல்டான்னு தொண்டை கிழியக் கத்துனேன்ல? ஒருத்தருக்குக்கூடவா காது கேக்கல? எல்லாரும் ஐயா பேச்சுக்குக் கை தட்டிக்கிட்டே இருக்கீக!”

தென்னை மரத்தின் உச்சியில், அரிவாளும் கையுமாக அவர் இருந்தார். கண்டக்டர்கள் வண்டியை நிறுத்தச் சொல்லும் அந்தச் சொல், அன்று முதல் அவருடைய பெயராயிற்று.

டிராக்டர் வைத்து வண்டியைக் கரையேற்றிய பிறகு டிரைவர், ஆள் நின்று சொல்லாமல் இனி இந்த ஊரில் வண்டியைத் திருப்ப மாட்டேன் என்று அறிவித்தார். மறுநாள் காலை பஸ் வந்தபோது ஹோல்டான் சந்து முனையில் நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரை நியமிக்கவில்லை. அதனால் யாராலும் அவரை நீக்கவும் முடியவில்லை. எந்தக் காய் எந்த இடத்தில் விழும் என்று உச்சியில் இருந்தே அளந்து பழகிய கண் அவருடையது. பஸ்ஸின் முதுகில் உள்ளங்கையால் தட்டிக்கொண்டே, “வரலாம், வரலாம், ஒடிங்க, இன்னுங் கொஞ்சம் ஒடிங்க” என்று சொல்லிவந்து, என் மதிலுக்கு ஒரு சாண் இருக்கும்போது “ஹோல்டான்!” என்பார். அத்தனை ஆண்டுகளிலும் பஸ்ஸுக்கும் மதிலுக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. நேர்மையாக எழுத வேண்டும் என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

டிரைவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒருமுறை புதிதாக வந்தவர் சன்னல் வழியாகத் தலையை நீட்டி அதட்டினார்.

“யோவ் பெரிசு, தள்ளு! இருபது வருசமா வண்டி ஓட்டுறேன். எனக்கே சொல்லித் தர்றியா?”

“நீங்க இருபது வருசமா முன்னால பாத்து ஓட்டுறவுக. நான் பின்னால பாக்குறவன். ஒடிங்க.”

“ஸ்டீரிங்க ஒடிக்க முடியாதுன்னா என்ன செய்வ?”

“நான் என்ன செய்யப் போறேன்? லோயர் கேம்ப்புல நேத்துத்தான் தண்ணி தெறந்து விட்டிருக்காக. வாய்க்கா நெறஞ்சு போகுது. வண்டியோட எறங்கிக் குளிச்சிட்டுப் போங்க.”

டிரைவர் ஒடித்தார்.

மற்றொரு நாள் பஸ் பத்து நிமிடம் முன்னதாக வந்துவிட்டது. ஹோல்டான் மரத்தின் மேல் இருந்தார். இறங்க நேரமில்லை. உச்சியில் இருந்தபடியே தென்னங்கீற்று ஒன்றை வலப்பக்கமும் இடப்பக்கமும் ஆட்டி பஸ்ஸைத் திருப்பத் தொடங்கினார். கண்டக்டர் அண்ணாந்து பார்த்து, டிரைவருக்கு மொழிபெயர்த்தார். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது, “ஹோல்டான்” என்று சொல்லும் கட்டம் வரை. அந்தச் சொல்லை இரு கைகளையும் உயர்த்திச் சொல்வது அவர் வழக்கம். அது தென்னை மரத்தின் உச்சியில் கடைப்பிடிக்கத்தக்க வழக்கம் அன்று. கால் பிடியால் அவர் தப்பினார். பிடிக்காகத் தாவிய கை பட்டு ஒரு குலை அறுந்து, என் மாட்டுக் கொட்டகையின் கூரை வழியாக உள்ளே போனது. நான் வெளியே ஓடிவந்தேன்.

“ஐயா, மாட்டுக்கு ஒண்ணும் இல்லையே?” என்றார் மேலிருந்து.

“இல்லை.”

“பஸ்ஸுக்கும் ஒண்ணும் இல்ல!” என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

இதையும் பொறுத்தேன். சுண்ணாம்புக் கோட்டைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. டிரைவரின் கண்ணுக்கு அடையாளம் வேண்டும் என்று என் மதிலின் மூலையில், என் பெயரும் பட்டமும் பொறித்த கருங்கல் பலகைக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு இழுத்துவிட்டார். நான் அதன் மேல் வண்ணம் அடித்தேன். அவர் மறுபடி இழுத்தார். நான் மறுபடி அடித்தேன். ஐந்தாம் முறை, முறைப்படி ஓர் அறிவிப்புக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஐம்பது அடி தள்ளியிருந்த அவர் வீட்டுக்கான கடிதம், கம்பம் போய்ச் சுற்றி மூன்றாம் நாள் அவர் கைக்கு வந்தது. அவர் அதைப் பஸ்ஸுக்குக் கொண்டுபோய்க் கண்டக்டரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார்.

“‘எமது சுற்றுச்சுவரின் அழகுக்கும் எமது நற்பெயருக்கும் ஊறு விளைவிக்கும் வகையில்’,” என்று கண்டக்டர் உரக்க வாசித்தாராம். கொடிப் பந்தலுக்குத் திராட்சை வெட்டப் போகும் பெண்கள் பஸ் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். “நல்லாத்தான் எழுதியிருக்காக ஐயா. இன்னொரு தடவ வாசிங்க” என்று ஹோல்டான் கேட்டதாகவும், கம்பம் போய்ச் சேர்வதற்குள் அது மூன்று முறை வாசிக்கப்பட்டதாகவும் அறிந்தேன். அன்றிலிருந்து நானும் அவரும் பேசிக்கொள்வதில்லை. கோடு மட்டும் மதிலிலேயே இருந்தது.

அண்மையில் டிப்போவுக்குப் புதிய பஸ்கள் வந்தன. பழையதைவிட நீளம். எங்கள் தடத்துக்கு அதில் ஒன்றை ஒதுக்கினார்கள். முதல் நாளே டிரைவர் கையை விரித்துவிட்டார். ஒரு வாரத்தில் அதிகாரி வந்து சோதித்துப் பார்ப்பார். வண்டி திரும்பவில்லை என்றால் தடம் மறுபடி சுருளிப்பட்டிச் சாலையோடு முடிந்துவிடும் என்று தகவல் வந்தது.

அன்று மாலை பக்கத்துத் தெருப் பெண் பாண்டீஸ்வரி என் வாசலுக்கு வந்தாள். கல்லூரியில் வரலாறு படிக்கிறவள். என்னிடம் வாங்கிப்போன புத்தகம் கையில் இருந்தது.

“படித்து முடித்துவிட்டாயா?” என்றேன்.

“பாதிதான் ஐயா. பஸ்ஸு வரலைன்னா காலேஜுக்கு அனுப்பமாட்டோம்னு அப்பா சொல்லிட்டாரு. இருட்டுற நேரத்துல வாய்க்காக் கரையில ரெண்டு கிலோமீட்டர் நடந்து வர வேண்டாங்குறாரு. புத்தகம் ஒங்ககிட்டயே இருக்கட்டும்.”

அவள் போன சற்று நேரத்தில் ஹோல்டான் வந்தார். எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு என் வாசலில் நின்றார். வணக்கம் சொல்லவில்லை.

“மதில்ல ஒண்ணர அடி வேணும்.”

“பட்டா நிலம்” என்றேன்.

“இருக்கட்டும். நான் கேக்கல. பஸ்ஸு கேக்குது.”

“மூலை போய்விட்டால் எந்த டிரைவரும் தானாகவே திருப்பிக்கொள்வான். அப்புறம் உமக்கு இங்கே என்ன வேலை?”

“ஒண்ணும் இருக்காது” என்றார் சாதாரணமாக. “எனக்குத் தென்ன மரம் இருக்கு. காலேஜுக்குப் போற புள்ளைகளுக்குத்தான் வேற பஸ்ஸு இல்ல.”

முடியாது என்று சொல்லி அனுப்பினேன். இதை மறைக்க விரும்பவில்லை.

சோதனை நாளில் ஊரே வாய்க்கால் கரையில் கூடியது. அதிகாரி அளவு நாடாவோடு நின்றார். ஹோல்டான் சந்து முனையில் நின்று பஸ்ஸின் முதுகைத் தட்டினார். “வரலாம், வரலாம், ஒடிங்க, ஹோல்டான்!” முன்னே போனது. மறுபடி பின்னே வந்தது. ஐந்து முறை. ஐந்து முறையும் என் மதிலுக்கு ஒரு சாண் இருக்கும்போது இரு கைகளும் உயர்ந்தன. அதிகாரி நோட்டை மூடினார்.

“முடியாதுங்க. மெயின் ரோட்டோட முடிச்சுக்கலாம்.”

கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். “ஏலே ஹோல்டான்! வரலாம்னு ஒரு வார்த்த சொல்லிட்டு அங்கன ஒதுங்கி நில்லு! செவரு தானே போகும்!”

அவர் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு கோபமாக அவரை நான் கண்டதில்லை.

“என் வாயால வரலாம்னு சொல்லி ஒரு செவரும் இதுவரைக்கும் இடிஞ்சதில்ல. இன்னைக்கும் இடியாது. பிடிக்காதவருன்னா அவுக செவத்த இடிச்சிரலாமா?”

பாண்டீஸ்வரி கூட்டத்தில் நின்றிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். பிறகு டிரைவரைப் பார்த்தேன்.

“வரலாம்” என்றேன்.

“யாருய்யா அது?” என்றார் டிரைவர்.

“மதிலின் உரிமையாளர். வரலாம்.”

அதிகாரி பதறினார். “சார், நாளைக்கு எங்க மேல கேஸ் போடுவீங்க. எழுதிக் குடுங்க.”

எழுத்தில் இல்லாத எதையும் நானும் செய்வதில்லை. வீட்டுக்குள் சென்று முழுத்தாளில், சர்வே எண், நான்கெல்லை, முழுச் சம்மதம் ஆகியவற்றோடு எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். ஊர் காத்திருந்தது. பஸ் நகரத் தொடங்கியது.

“ஹோல்டான்!”

பஸ் நின்றது. அவர் இடுப்பிலிருந்து அரிவாளை எடுத்துக்கொண்டு மதிலை நோக்கி நடந்தார். அரிவாளின் நுனியால் என் பெயர்ப் பலகையின் திருகாணிகளை ஒவ்வொன்றாக, நிதானமாகக் கழற்றினார். பலகையைத் துண்டால் துடைத்து, இரு கைகளாலும் என்னிடம் நீட்டினார்.

“ஐயா படிச்ச படிப்பு இதுல இருக்கு. இத எதுக்குப் பஸ்ஸு மிதிக்கணும்?” என்றார். “இப்ப நீங்களே சொல்லுங்க. ஒங்க செவரு.”

பலகையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, “வரலாம், வரலாம்” என்று சொன்னவன் நான். பஸ்ஸின் முதுகைத் தட்டியதும் நான்தான். வேண்டியதற்கு மேல் பலமாகத் தட்டியதாகப் பிறகு சொன்னார்கள். மூலை சரிந்தது. பஸ் ஒரே வீச்சில் திரும்பியது. ஹோல்டான் அவ்வளவு நேரமும் வாய்க்காலைப் பார்த்தபடி நின்றார். மதில் இடிந்த வரலாறு இதுதான். வேறு கதை சொல்பவர்கள் என் முன்னால் வந்து சொல்லட்டும்.

பஸ் இப்போது இரண்டு வேளையும் தவறாமல் வருகிறது. புதிய வண்டியின் பின்புறத்தில் கேமரா உண்டு. பின்னால் வரும்போது ‘பீப் பீப்’ என்று அதுவே எச்சரிக்கிறது. “என்னமோ பூனக்குட்டி மாதிரிக் கத்துது” என்று ஹோல்டானுக்கு அதன் மேல் ஏளனம். தேவை இல்லை என்று தெரிந்தும் அவர் வந்து நிற்கிறார். தேவை இல்லை என்று தெரிந்தும் டிரைவர்கள் அவர் வரும்வரை காத்திருக்கிறார்கள். இது நேர விரயம் என்று டிப்போவுக்கு ஒருவர் மொட்டைக் கடிதம் போட்டார். அதற்கு நான்கு பக்கத்தில் மறுப்பு எழுதி, என் பட்டத்தோடு கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன்.

சென்ற மாதம் கண்புரை அறுவைக்காக அவர் தேனியில் ஐந்து நாள் தங்க நேர்ந்தது. அந்த ஐந்து நாளும் பஸ் ஒரு பிழையுமின்றித் திரும்பியது. அந்த பஸ்ஸை நான் இன்னும் மன்னிக்கவில்லை.