ஆற்றோர நீராட்டு மண்டபம்

இதை எனக்கு முதலில் சொன்னது எங்கள் தெரு நஸ்ருன்னிசாவேதான். போன மே மாதம், காலைப் பூசை முடிந்து சாந்தோம் கோயிலை விட்டு வந்த என்னைப் பஸ் ஸ்டாப்பில் பிடித்து நிறுத்திச் சொன்னாள். அவள் பொய் சொல்ல மாட்டாள். ஐந்து வேளையும் தொழுகிறவள். சர்க்கரை வியாதியும் உண்டு.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையானால் ஜனங்கள் இடிந்த இடங்களைப் பார்க்கப் போகிறார்கள். பாரம்பரிய நடை என்று பெயர். அதற்கென்றே தி.நகரில் ஓலைத் தொப்பி விற்கிறார்கள். நஸ்ருன்னிசாவின் மகன் ஆசிஃப், அம்மாவின் பர்தாவுக்கு மேல் ஒரு தொப்பியை வைத்து, அடையாற்றங்கரை நடைக்குப் பெயர் கொடுத்துவிட்டான். கத்திரி வெயில். நிறையத் தண்ணீர் அருந்துமாறு நதியோரத் தொன்மைத் துறை அறிவுறுத்தி, ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டிலும் வழங்கியது. அருந்திய தண்ணீரை என்ன செய்வது என்பது பற்றி அறிவுறுத்தல் ஏதும் இல்லை.

ஒன்பதரை மணிக்கு நஸ்ருன்னிசாவுக்கு அடிவயிறு கனத்துவிட்டது. கூட்டிப் போன அதிகாரி அன்புச்செல்வி மூன்று இடிந்த சுவர்களை விளக்கிவிட்டு நான்காவது இடத்துக்கு வந்தார். பாதிக் கூரை சரிந்த சின்னக் கட்டடம். சுற்றிலும் கயிறு, முன்னால் நீலப் பலகை. காலம் அறியப்படாத நீராட்டு மண்டபம் இது, கதவில் தெரிவது ஓர் அரசியின் கோட்டோவியம், பாவாடையின் முக்கோண அமைப்பைக் கவனியுங்கள் என்றார். எல்லோரும் அரசியோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

நஸ்ருன்னிசா கிட்டப் போய்ப் பார்த்தாள். போன உயிர் வந்தது.

"இது லேடீஸ் கக்கூஸும்மா. பதினாலு வருசம் முன்னாடி எங்க வூட்டுக்காரருதான் டைல்ஸ் ஒட்னாரு. தொறந்து வெக்க யாரும் வரல, அப்டியே கீது."

"திறப்பு விழா நடக்கலையா?"

"இல்ல."

"அப்போ இது கழிப்பறைன்னு எந்தக் கோப்பிலயும் இருக்காதும்மா. இருக்கிற ஒரே கோப்பு எங்களுது."

"கோப்புல இன்னா வேணா இருக்கட்டும் கண்ணு. நான் உள்ள போணும்."

உள்ளே போவதற்குப் படிவம் இருந்தது. நோக்கம் என்ற இடத்தில் இரண்டே கட்டம்: பழுதுபார்த்தல், ஆராய்ச்சி. பழுதுபார்க்க மேலிடத்து ஆணை வரவேண்டும். ஆராய்ச்சிக்குக் கையெழுத்து போதும். நஸ்ருன்னிசா பேனாவோடு தயங்கினாள். பொய் எழுதிவிட்டு அல்லாஹ்வுக்கு என்ன பதில் சொல்வது?

அன்புச்செல்வி மைக்கை அணைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உள்ள போய் நல்லாப் பாருங்கம்மா. பார்த்துட்டா ஆராய்ச்சிதான். சீக்கிரம் வந்துடுங்க, அடுத்து நான் ஆராயணும். காலைல அஞ்சு மணிக்கு வீட்டைவிட்டு வந்தது."

அன்று பதினேழு பெண்கள் ஆராய்ந்தார்கள். ஆண்கள் முன்பே ஆங்காங்கே சுவரைப் பார்த்து நின்று தங்கள் ஆராய்ச்சியை முடித்திருந்தார்கள்.

செய்தி பரவியது. மீன் விற்கும் கெங்கம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு ஆராய்ந்தாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று ஆராய்ந்தார்கள். மாதக் கடைசியில் பதிவேட்டில் நாலாயிரம் ஆராய்ச்சியாளர்கள். துறை நெகிழ்ந்துபோய், மகளிரிடையே பொங்கிவரும் வரலாற்று ஆர்வம் குறித்துக் கருத்தரங்கம் நடத்தியது. அதன் முடிவில், ஆராய்ச்சியின் தரத்தை உயர்த்தும் பொருட்டு ஓர் ஆணை பிறந்தது. இனி வரலாற்றில் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டுமே அனுமதி.

நஸ்ருன்னிசா படித்தது எட்டாவது. அடையாற்றில் இருக்கும் மகள் சிம்ரா வீட்டுக்கு வாரம் மூன்று நாள் போகிறாள். வழியில் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. மனு கொடுத்தாள். மரியாதையாகப் பதில் வந்தது. மனுதாரர் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேறி, மூன்றாண்டு வரலாறு பயிலலாம். அதுவரை தண்ணீரைக் குறைவாக அருந்தவும்.

படித்துக்கொண்டிருக்கிறாள். கெங்கம்மாவையும் சேர்த்து இருபத்தாறு பேர் படிக்கிறோம். இந்த வயசிலும் படிப்பில் இவ்வளவு அக்கறையா என்று எங்கள் வீட்டு ஆண்களுக்கெல்லாம் பெருமை.

உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகம் பழசு இருந்தால் கொடுங்கள். ஒன்று போதும், எனக்குத்தான்.